ஆலைப்பணி விரும்பத்தக்கதா?

(மே முதல் நாள், தொழிலாளர் நாள் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

 

தொழிலாளர் நாளை இந்திய மண்ணில் முதன்முதலாகக் கொண்டாடியது தமிழகம். 1923ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கூட்டிய கூட்டம் அது. நூறாண்டு கடந்த பின்னும் இந்நாளின் பொருள் தேய்ந்துவிடவில்லை. ஏனெனில் இப்பருவத்தில்தான் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் வீட்டு வாயிலில் வந்து நிற்கின்றனர். "பிள்ளையை அடுத்து எதில் விடுவது?" என்று தந்தை கேட்கின்றார். "ஆலைக்கு ஆள் எடுக்கின்றார்களாம், பேருந்தும் ஊருக்கே வருகின்றதாம்" என்கின்றாள் தாய். "படிக்கவைத்தது ஆலைக்கு அனுப்பவா?" என்று திண்ணையிலிருந்து ஓர் உறவினர் இகழ்கின்றார். இம்மூவருள் யார் கூற்று சரி? ஆலைப்பணி விரும்பத்தக்கதா, அன்றா? இதுவே இன்றைய பொழிவின் பொருள்.

முதற்கண் அந்த இகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். கைத்தொழிலை இழிவென்று கருதுவது தமிழனின் பிறவிக் குணமன்று. ஆலை என்னும் சொல்லே பழந்தமிழ்ச்சொல். கரும்பைப் பிழியும் பொறிக்கு அன்று வழங்கிய பெயர் அது. நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலைத் தோண்டியபோது இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளும், வண்ணக்கற்களைத் துளையிட்டு மணியாக்கிய பட்டறைகளும் வெளிப்பட்டன. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் அவ்வூரில் உலைமுன் நின்றவன் இழிந்தவனாகக் கருதப்பெற்றிருப்பின், அங்குக் கிடைத்த பானையோடுகளில் தமிழ் எழுத்திற் பெயர் பொறித்திருப்பானா? வள்ளுவப் பெருந்தகையும் ஆள்வினையுடைமை என ஓர் அதிகாரமே வகுத்தார். பின்வந்த குலப்பிரிவினையே கையால் உழைப்பவனைக் கீழே தள்ளிற்று. உழைக்காதவனை மேலே ஏற்றிற்று. அந்நோயின் எச்சமே திண்ணையிலிருந்து எழுந்த இகழ்ச்சி. அதனை எடைக்கு எடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை.

ஆயின், உழைப்பு உயர்ந்தது என்பதனாலேயே உழைக்கும் இடமெல்லாம் உயர்ந்ததாகிவிடுமா? ஆகாது. இங்கேதான் வரலாற்றைப் பார்த்தல் வேண்டும்.

1908ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்க்கு வார ஓய்வு என்பதே இல்லை. வேலைநேரத்திற்கு வரம்பில்லை, கூலியோ வயிற்றுக்குப் போதாது. வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களைத் தட்டியெழுப்பினர். வேலைநிறுத்தம் வென்றது. கூலி உயர்ந்தது, ஓய்வுநாள் கிடைத்தது. வென்ற சில நாள்களுக்குள் வ.உ.சி. சிறைப்பட்டார். 1918 ஏப்பிரல் 27இல் பெரம்பூர்ப் பின்னி ஆலைத் தொழிலாளரை உறுப்பினராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. செல்வபதியாரும் இராமானுசலுவும் முன்முயன்றனர், வாடியா தலைமை தாங்கினார், திரு.வி.க. துணைநின்றார். ஆனால் 1921இல் அதே ஆலைத் தொழிலாளர் சாதியாற் பிளவுண்டனர். புளியந்தோப்பில் குருதி சிந்திற்று. ஆலை எல்லாரையும் ஒரே பொறிமுன் நிறுத்திற்று. ஆலைக்கு வெளியே இருந்த சாதி அவர்களைப் பிரித்தது. ஆதாயம் அடைந்தவன் முதலாளி ஒருவனே.

விடுதலைக்குப் பின்னர் ஒரு நற்காலம் வந்தது. பெரம்பூரில் 1955இல் தொடர்வண்டிப் பெட்டித் தொழிலகம் எழுந்தது. 1956இல் நெய்வேலி நிறுவனமும், 1965இல் திருச்சிக் கொதிகலன் தொழிலகமும் வந்தன. அவற்றுள் நுழைந்த உழவன் மகன், பயிலுநனாகத் தொடங்கி, தேர்ந்த வினைஞனாகி, முப்பதாண்டு ஒரே வாயிலில் நுழைந்து வெளிவந்தான். அவனுக்கு வீடு கிடைத்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்தது. நோயுற்றால் மருத்துவம் கிடைத்தது. முதுமைக்குச் சேமிப்பு இருந்தது. அவன் மக்கள் பொறியாளராயினர், மருத்துவராயினர். ஓர் ஆலைப்பணி ஒரு குடும்பத்தையே ஒரு தலைமுறைக்குள் தூக்கி நிறுத்திற்று. "ஆலைவேலை கிடைத்துவிட்டது" என்று ஊரார் அக்காலத்தில் இனிப்பு வழங்கியது இதனால்தான். அவர்கள் மகிழ்ந்தது சீருடையைக் கண்டன்று, நிலைப்பேற்றைக் கண்டு.

இன்று நிலைமை என்ன? தொழிலகங்களின் எண்ணிக்கையில் இந்திய மாநிலங்களுள் தமிழ்நாடே முதலிடத்தில் உள்ளது. 2019-20ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியத் தொழிலகங்களில் பணிபுரியும் பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர் தமிழ்நாட்டில் இருந்தனர். திருப்பெரும்புதூரும் ஒரகடமும் ஓசூரும் இரவிலும் உறங்குவதில்லை. மகிழுந்தும் கைப்பேசியும் அங்கிருந்து உலகெங்கும் செல்கின்றன. பெருமைதான்! ஆனால் அப்பெருமையில் அவற்றைப் பூட்டும் கைகளுக்குரிய பங்கு எவ்வளவு?

திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசித் தொழிலகம் 2006இல் ஆக்கப்பணியைத் தொடங்கிற்று. பள்ளிப்படிப்பை முடித்த ஆயிரக்கணக்கான இளைஞரும் இளம்பெண்டிரும் அதிற் சேர்ந்தனர். 2014 நவம்பர் முதல் நாள் அது மூடப்பெற்றது. எட்டே ஆண்டு! பதினெட்டு அகவையிற் சேர்ந்தவர், இருபத்தாறில் மீண்டும் வாயிலுக்கு வெளியே நின்றனர். மறைமலைநகரில் போர்டு நிறுவனத்தின் மகிழுந்துத் தொழிலகம் 2022இல் ஆக்கத்தை நிறுத்திற்று. அவ்வளாகத்தில் மீண்டும் பொறி ஆக்கம் தொடங்கப்பெறும் என 2025இல் அறிவிப்பு வந்தது. நன்றே! ஆயின் இடைப்பட்ட ஆண்டுகளில் வீட்டுக்கடனும் பள்ளிக்கட்டணமும் காத்திருந்தனவா?

மூடப்படும் ஆலையினும் கொடிது, திறந்திருந்தும் நிலைப்பணி தராத ஆலை. 24 திங்களுக்குள் 480 நாள் பணிபுரிந்த தொழிலாளிக்கு நிலைப்பணி தருதல் வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பெற்றது. அச்சட்டம் எதற்கு அஞ்சும்படி செய்தது தெரியுமா? 480ஆம் நாளுக்கு! அந்நாள் வருமுன்னரே இளைஞனை விடுவித்துப் புதியவனை எடுக்கும் வழக்கம் பல இடங்களில் வேரூன்றிவிட்டது. ஒருவனைப் பயிலுநன் என்பர். மற்றொருவனை ஒப்பந்தக்காரரின் ஆள் என்பர். நிலைப்பணியாளன் அருகிலேயே நின்று, அவன் செய்யும் வேலையையே செய்வான். ஊதியமோ அவனுடையதிற் பாதியும் இராது.

அவன் கற்பதும் என்ன? நகரும் பட்டையில் வரும் ஒரு பொருளில் ஒரு திருகாணியை முடுக்குதல். அவ்வேலையைக் கற்க மூன்று நாள் போதும். மூன்றாண்டு கழித்து வெளியே வரும்போதும் அவனுக்குத் தெரிவது அத்திருகாணி ஒன்றே. கடைசற்பொறியை இயக்கத் தெரிந்தவனும், பற்றவைக்கத் தெரிந்தவனும், பழுதுற்ற மின்னோடியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவனும் எவ்வூரிலும் பிழைப்பர். முடுக்குமட்டும் தெரிந்தவன் அடுத்த வாயிலிலும் புதியவனே. இளமை அவன் முதல். அதனைச் செலவிட்டுவிட்டு வெறுங்கையனாகத் திரும்புகின்றான்.

பெண்மக்களின் நிலையைத் தனியே கூறுதல் வேண்டும். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கு மாவட்டங்களின் நூலாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்றொரு முறை பரவிற்று. மூன்றாண்டு விடுதியில் அடைந்து உழைத்தால், முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை கிடைக்கும் என்பது பேச்சு. இடையில் நோயுற்று வெளியேறிய பெண்ணுக்குப் பலவிடங்களில் அத்தொகையும் இல்லை. மங்கலப் பெயரில் நடந்த அமங்கலம் அது! 2021 திசம்பரில் கைப்பேசி பூட்டும் தொழிலகம் ஒன்றின் பெண்கள், விடுதி உணவால் நோயுற்றுப் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். அதன் பின்னரே அவர்கள் உண்ட சோற்றையும் உறங்கிய தரையையும் நாடு திரும்பிப் பார்த்தது. எனினும் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. தன் கணக்கில் தன் ஊதியம் வரப்பெற்ற பெண், பதினெட்டில் கழுத்தை நீட்ட மறுக்கின்றாள். தம்பியின் படிப்பைத் தாங்குகின்றாள். வீட்டில் அவள் சொல்லுக்கு எடை கூடுகின்றது. அவ்விடுதலையை எவரும் பறித்தலாகாது. விடுதியைச் செப்பம் செய்தல் வேண்டுமேயன்றிப் பெண்ணை வீட்டுக்குள் திரும்பப் பூட்டுதல் தீர்வாகாது.

இவ்வளவுக்கும் மருந்து ஒன்றே: தொழிலாளர் கூடிப் பேசும் உரிமை. 2023 ஏப்பிரலில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவிடும் சட்டமுன்வரைவு தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. தொழிலாளர் எதிர்த்தெழுந்தமையால், அது திரும்பப் பெறப்பெற்றதென்று அதே ஆண்டு மே முதல் நாளன்று அறிவிக்கப்பெற்றது. 2024 செப்தம்பர் 9இல் திருப்பெரும்புதூர்ச் சாம்சங் தொழிலாளர் ஆயிரவர்க்கு மேற்பட்டோர் வேலையை நிறுத்தினர். அவர்கள் முதன்மையாகக் கேட்டது தம் கழகத்தை (தொழிற்சங்கத்தை) ஏற்றுக்கொள்க என்பதே. 37 நாள் நின்றனர். 2025 சனவரியில் கழகம் பதிவு பெற்றது. 1918இல் பெரம்பூரில் பெற்ற உரிமையை 2024இல் மீண்டும் கேட்டுப்பெற வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

மொழிக்கும் இதில் பங்குண்டு. தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் அறிவிப்புகள் வைக்கப்பெறல் வேண்டும் என 1948ஆம் ஆண்டின் தொழிலகச் சட்டமே விதித்தது. ஆனால் தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளை கையொப்பமிடும் ஒப்பந்தம் எம்மொழியில் உள்ளது? பெரும்பாலும் ஆங்கிலத்தில். எத்தனை திங்கள் பணி, எப்போது நீக்கலாம், என்ன பிடித்தம் என்பவற்றை அறியாமலே அவன் கையொப்பமிடுகின்றான். தாய்மொழியில் ஒப்பந்தம் கேட்பது வெறும் மொழிப்பற்றன்று. வயிற்றைக் காக்கும் வழி. வடபுலத்திலிருந்து வந்து உழைப்பவனுக்கும் இதே முறைதான் வேண்டும். ஏமாற்றப்பட்டு அவன் குறைந்த கூலிக்கு உழைத்தால், அருகிலிருக்கும் தமிழனின் கூலியும் உடன் தாழும்.

ஆகவே, ஆலைப்பணி விரும்பத்தக்கதா என்னும் வினாவுக்கு விடை இது: கைத்திறனும் நிலைப்பேறும் பேசும் உரிமையும் தரும் ஆலைப்பணி, எந்த அலுவலக நாற்காலிக்கும் தாழ்ந்ததன்று. இம்மூன்றும் இல்லாத பணி, எவ்வளவு வெள்ளைச் சீருடை தந்தாலும், இளமையைக் குத்தகைக்கு விடுதலே ஆகும்.

எனவே பெற்றோரும் பிள்ளையும் ஆலை வாயிலில் ஐந்து வினாக்களைக் கேட்பாராக. பணியமர்த்துவது நிறுவனமா, ஒப்பந்தக்காரரா? எழுத்து வடிவில் பணியாணை உண்டா? 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதனைக் கட்டாயமாக்கியுள்ளன; குறித்தகாலப் பணிக்கும் அவை இடந்தருவதால், எவ்வளவு காலத்திற்கு என்பதையும் அவ்வாணையிற் பார்த்தல் வேண்டும். மூன்றாவது, ஈட்டுறுதி மருத்துவமும் வருங்கால வைப்புநிதியும் உண்டா? நான்காவது, மூன்றாண்டில் எத்தொழிலைக் கற்றுத் தருவீர்? ஐந்தாவது, அங்குத் தொழிலாளர் கழகம் உண்டா?

இவற்றுக்கு விடை கிடையாத இடத்துக்கு ஓடுவதினும், இரண்டாண்டு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு கைத்தொழிலை முற்றக் கற்று, பின் ஆலைக்குள் நுழைவது மேல். வெறுங்கையோடு நுழைபவனை ஆலை தேர்ந்தெடுக்கின்றது. கைத்திறனோடு நுழைபவனோ ஆலையைத் தேர்ந்தெடுக்கின்றான்.

கொடுமணலில் எஃகு உருக்கிய கைகளின் வழிவந்தவர்களே! உழைக்க நாணாதீர், உழைப்பை மலிவாக விற்க மட்டும் நாணுவீராக!

வாழ்க உழைப்போர்! வெல்க தமிழ்!