மண்ணுக்குள் முட்டை



காய்கறிப் பயிர்களைத் தாக்கும் அயல் பூச்சிகள் என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். தலைமை உரையில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுச் செல்வது வழக்கம். இன்று ஒரே ஒரு பூச்சியோடு நிற்க எனக்கு அனுமதி தாருங்கள். அது பக்ராடா ஹிலாரிஸ். நம் பாடநூல்கள் நெடுங்காலம் பக்ராடா குருசிஃபெராரம் என்று சொல்லித்தந்த அதே வண்ண நாவாய்ப்பூச்சி. ராஜஸ்தான், ஹரியானா, உத்தரப்பிரதேசக் கடுகு உழவர்களுக்கு அது தலைமுறைகளாகத் தெரிந்த எதிரி. கலிஃபோர்னியாவுக்கோ 2008இல் வந்து சேர்ந்த புதிய எதிரி. அயல் பூச்சி என்றதும் நம் நாட்டுக்குள் வந்தவற்றையே நினைக்கிறோம். இது நம் பக்கத்திலிருந்து வெளியே போனது. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

2008 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் முதலில் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே அரிசோனாவின் யூமா, கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு ஆகிய பாலைவனக் காய்கறி வட்டாரங்களில் அது பெருகிவிட்டது. அமெரிக்காவின் குளிர்காலக் காய்கறியில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. குளிர்காலத்தில் அறுக்க வேண்டுமானால் ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பரிலும், வெயில் கொளுத்தும்போதே விதைத்தாக வேண்டும். இந்தப் பூச்சிக்கு உகந்த பருவமும் அதுவே. ப்ரோக்கோலியும் முட்டைக்கோசும் காலிஃபிளவரும் இரண்டு வித்திலைகளோடு தலைகாட்டும் அதே நாட்களில், சுற்றியுள்ள காட்டுக் கடுகுச் செடிகள் காய்ந்துபோகின்றன. பசியோடு கிளம்பும் கூட்டம் நாற்றுகளின் மேல் இறங்குகிறது. பின்னர் அது ஹவாய்த் தீவுகளில் 2014இலும், சிலி நாட்டில் 2016இலும் தென்பட்டது. இத்தாலியின் பாந்தெலேரியா தீவில் கேப்பர் செடிகளுக்கு அது ஏற்கெனவே தீராத தொல்லை.

வளர்ந்த பூச்சி 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளம்தான். கேடய வடிவ உடல். கறுப்பில் வெள்ளையும் ஆரஞ்சும் தெளித்த புள்ளிகள். பெண் சற்றுப் பெரியது. பின்புறத்தோடு பின்புறம் இணைந்து, ஒன்று இழுக்க மற்றது பின்னோக்கி நடக்கும் இணைகள் கண்ணில் பட்டால் பெரும்பாலும் ஐயம் தீர்ந்துவிடும். அமெரிக்காவில் இதை ஹார்லெக்வின் பூச்சி என்ற அந்நாட்டு நாவாய்ப்பூச்சியோடு குழப்பிக்கொள்வார்கள். அது ஏறத்தாழ இரண்டு மடங்கு பெரியது. அதன் உடலில் வெள்ளைப் புள்ளி கிடையாது. இதைவிடக் கேடு செய்யும் குழப்பம் இளம்பூச்சிகளில் நேர்கிறது. ஐந்து பருவங்களில் வளரும் இளம்பூச்சிகள் தொடக்கத்தில் உருண்டையாக, செக்கச்செவேலென்று இருக்கும். பார்ப்பவர் பொறிவண்டு என்று நினைத்து, நன்மை செய்யும் பூச்சியாயிற்றே என்று விட்டுவிடுவார். பொறிவண்டுக்குக் கெட்டியான இறக்கை மூடிகள் உண்டு, அவை முதுகின் நடுவே நேர்கோட்டில் சேரும். கடித்து மெல்லும் வாயும் உண்டு. நாவாய்ப்பூச்சியைத் திருப்பிப் போட்டால் அடியில் மடித்துவைத்த ஊசி மூக்கு தெரியும். ஒரு கைக்கண்ணாடி போதும். இந்த எளிய சோதனையைக் கிராமம்தோறும் செய்துகாட்டுவது நம் கடமை என்று உறுதியாக நம்புகிறேன்.

சேதத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். இந்தப் பூச்சி பல உறிஞ்சிகளைப் போல நாளத்தைத் தேடி நிதானமாகக் குடிப்பதில்லை. ஊசியை உள்ளே விட்டுத் திசுவைக் கிழித்து, எச்சில் நீரால் கரைத்து உறிஞ்சுகிறது. அதனால் இலையில் நட்சத்திரம் வெடித்தது போன்ற வெளிறிய தழும்பு விழும். பெரிய செடி இதைத் தாங்கிக்கொள்ளும். வித்திலைப் பருவத்தில் இருக்கும் நாற்று தாங்காது. நடுக்குருத்தில் குத்து விழுந்தால் செடி சாகாமலேயே குருடாகிவிடும். முட்டைக்கோசு தலை கட்டாது. அல்லது ஒரு தலைக்குப் பதில் விற்க முடியாத நான்கைந்து சிறு தலைகள் கிளைக்கும். கொடுமை என்னவென்றால், அந்த இழப்பை உழவர் காண்பது பல வாரம் கழித்து. அப்போது வயலில் பூச்சியே இருக்காது. விதை சரியில்லை, உரம் சரியில்லை என்று வேறெங்கோ பழி போகும்.

இனி, இந்த உரையின் மையத்துக்கு வருகிறேன். நாவாய்ப்பூச்சி வகைகளில் பெரும்பாலானவை இலையின் அடியில் வரிசை வரிசையாக, கொத்துக் கொத்தாக முட்டையிடும். முட்டைக் குவியலைத் தேடிப் பறித்து அழியுங்கள் என்பது நாம் தரும் பழைய அறிவுரை. பக்ராடா அப்படியில்லை. பெண் பூச்சி வயிற்று நுனியை மண்ணில் புதைத்து, தனித்தனியாகவோ இரண்டு மூன்றாகவோ முட்டைகளை இட்டுவிட்டுப் போகிறது. பீப்பாய் வடிவ முட்டை முதலில் வெள்ளையாக இருக்கும், கரு வளர வளர ஆரஞ்சாகும். ஒரு பெண் தன் வாழ்நாளில் நூறு முட்டைவரை இடக்கூடும். இலையைப் புரட்டிப் பார்த்து முட்டை இல்லை என்று அறிக்கை எழுதுபவர் தவறான இடத்தில் தேடியிருக்கிறார்.

முட்டை மண்ணில் இருக்கிறது என்ற ஒரே உண்மையிலிருந்து மேலாண்மை முழுவதும் கிளைக்கிறது. நம் வட இந்தியக் கடுகுப் பரிந்துரைகளைப் பாருங்கள். ஆழ உழுது முட்டைகளை அழிக்கச் சொல்கின்றன. விதைத்த மூன்று நான்கு வாரத்தில் முதல் பாசனம் தந்து பூச்சியைக் குறைக்கச் சொல்கின்றன. அறுத்த கடுகைக் களத்தில் குவித்து நாள்கணக்கில் போட்டுவைக்காமல் விரைந்து அடித்துவிடச் சொல்கின்றன. ஏனென்றால் குவியலுக்குள்ளும் பூச்சி காயை உறிஞ்சிக்கொண்டிருக்கும். இவை ஆய்வகத்தில் உதித்தவை மட்டுமல்ல, வயலில் பிறந்த அறிவும் இவற்றில் கலந்திருக்கிறது. ஒரு பூச்சி கண்டம் தாண்டும்போது அதைப் பற்றிய அறிவும் அதே வேகத்தில் தாண்டவேண்டும். அதற்கான ஏற்பாடு இன்னும் உலகில் சரியாக இல்லை என்பது என் வருத்தம்.

வலை போர்த்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கை வேளாண்மை செய்பவர்களுக்கு நல்ல வழி அது. ஆனால் முந்தைய பயிரில் பக்ராடா இருந்த பாத்தியின் மேலேயே வலையைப் போர்த்தினால், மண்ணிலுள்ள முட்டை உள்ளேயே பொரிக்கும். நாற்றோடு பூச்சியையும் சேர்த்துக் கூண்டில் அடைத்ததாக ஆகிவிடும். பயிர் மாற்றிய நிலத்தில் வலை பயன் தரும். அதுவும் இலையைத் தொடாமல் உயர்த்திக் கட்டி, ஓரங்களை மண்ணில் புதைத்தால்தான். வலை இலையில் ஒட்டியிருந்தால் பூச்சி வெளியிலிருந்தே ஊசி போட்டுவிடும்.

கண்காணிக்கும் நேரமும் முக்கியம். வெயில் ஏற ஏற இந்தப் பூச்சி சுறுசுறுப்பாகும். காலையிலும் குளிர்ந்த பொழுதிலும் மண் வெடிப்புகளிலும் கட்டிகளின் அடியிலும் ஒதுங்கிக்கொள்ளும். விடியலில் வயலைச் சுற்றிவந்து ஒன்றுமில்லை என்று திரும்புவது நம் வழக்கத்துக்கு வசதியாக இருக்கலாம், உண்மைக்கு உதவாது. நண்பகல் தாண்டிய வெயிலில், வரப்போரத்திலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். தொடுநஞ்சு அடிப்பதாக இருந்தாலும் அந்த வேளையில்தான் அது பூச்சியின் மேல் படும். நேரடியாக விதைத்த பயிரைவிட நாற்று விட்டு நட்ட பயிர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். விதை நேர்த்தி முதல் சில வாரங்களுக்குக் காப்புத் தரும். நான்கு முதல் ஆறு இலை தாண்டிய பிறகும் அட்டவணை போட்டு மருந்து அடிப்பது, என் கருத்தில், காசையும் நன்மை செய்யும் பூச்சிகளையும் சேர்த்து இழப்பது.

அந்த நன்மை செய்யும் பூச்சிகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பக்ராடாவின் முட்டைக்குள் முட்டையிடும் நுண்குளவிகளைத் தேடி அமெரிக்க ஆய்வாளர்கள் பாகிஸ்தானைத்தான் நாடினார்கள். அங்கு கிடைத்தவற்றில் ஒன்று கிரையோன் பேரினத்தைச் சேர்ந்தது. மண்ணுக்குள் புதைந்த முட்டையையும் தேடிப்பிடிக்கும் திறமை அதற்கு உண்டு. தொடக்கத்தில் அதை ஏற்கெனவே அறிந்த ஒரு சிற்றினமாகவே கருதினார்கள். 2021இல்தான் அது வேறு என்று தெளிந்து கிரையோன் ஏதீரியம் என்று பெயரிட்டார்கள். இதற்கிடையில், யாரும் திறந்துவிடாமலேயே அது கலிஃபோர்னியாவுக்கு வந்து சேர்ந்திருப்பதும் தெரியவந்தது. பூச்சியை மட்டுமல்ல, அதன் எதிரியையும் சரியாக அடையாளம் காண வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இத்தகைய நுண்குளவிகளைச் சுமந்த ஒட்டுண்ணி அட்டையைக் கட்டிவிட்டால் போதும் என்று உழவர்களிடம் சொல்வதற்கு முன், அந்த ஒட்டுண்ணி இலையில் தேடுவதா, மண்ணில் தேடுவதா என்று நாம் கேட்டாக வேண்டும்.

குளவியின் வலிமை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2008இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தலைதூக்கியபோது மல்பெரியும் மரவள்ளியும் வெளுத்துப்போயின. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசரோபேகஸ் குளவிதான் அதை அடக்கியது. மரவள்ளி மாவுப்பூச்சிக்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோப்பெசி வந்தது. பிற நாட்டார் தந்ததைப் பெற்றுப் பயனடைந்தவர்கள் நாம். வண்ண நாவாய்ப்பூச்சி விஷயத்தில் தரும் இடத்தில் நாம் இருக்கிறோம். நம் கடுகு வயல் மண்ணில் எந்தெந்த முட்டை ஒட்டுண்ணிகள், எந்தப் பருவத்தில், எவ்வளவு ஆழம்வரை வேலை செய்கின்றன என்ற பட்டியலை நாம் தயாரித்தால் அது சிலியின் சாண்டியாகோவிலும் அரிசோனாவின் யூமாவிலும் உள்ள உழவருக்கு உதவும். நீலகிரியிலும் ஓசூரிலும் முட்டைக்கோசும் காலிஃபிளவரும் பயிரிடுபவருக்கும் உதவும்.

இந்த இரண்டு நாளும் கட்டுரை படிக்க வருபவர்களிடம் சில வேண்டுகோள்கள். எண்ணிக்கையைச் சொல்லும்போது எந்த மணிக்குப் பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மண்ணைச் சலித்தீர்களா என்று சொல்லுங்கள். வரப்பிலுள்ள கடுகுக் குடும்பக் களைகளைப் பார்த்தீர்களா என்று சொல்லுங்கள். ஆய்வுக்கு எடுத்த பூச்சிகளையும் முட்டையிலிருந்து வெளிவந்த குளவிகளையும் வீசிவிடாமல், கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனத்துக்கோ இடம், நாள், பயிர் குறித்த சீட்டோடு அனுப்பிவையுங்கள். முதல் அமர்வு அடையாளம் காணல் பற்றியது. நுண்ணோக்கிகள் பக்கத்து அறையில் தயாராக உள்ளன. உழவர்கள் தங்கள் வயலிலிருந்து கொண்டுவந்த மாதிரிகளை முதலில் அங்கே கொடுக்கும்படி கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.