மூன்றாவது பட்டை



நம் பாட்டிமார் போலீஸ்காரரை ‘மாத்தா’ என்பார்கள். மலாயில் மாத்தா என்றால் கண். பினாங்கில் அந்தக் கண்ணுக்கு வயது அதிகம். 1807 மார்ச் 25 அன்று இந்தத் தீவுக்குக் கிடைத்த நீதிப் பட்டயத்தை நினைத்துத்தான் இன்றும் மலேசியா முழுக்கப் போலீஸ் தினம் கொண்டாடுகிறோம்.

ஆனால் 1867 ஆகஸ்டில் அந்தக் கண் எங்கே இருந்ததோ! சீனர் சங்கங்கள் இரண்டு மோதிக்கொண்டன; முஸ்லிம்களின் சிவப்புக்கொடி, வெள்ளைக்கொடிக் கூட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தன. ஜார்ஜ் டவுன் பத்து நாள் கலங்கியது. நகரின் ஆர்மேனியன் வீதியில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்த போலீஸ்காரர் அன்று எத்தனை பேர்?

நம் காலத்துக்கு வருவோம். போலீஸ் படையை ஆராய 2004இல் அமைந்த அரச விசாரணை ஆணையம் மறு ஆண்டே 125 பரிந்துரைகளை வைத்தது. நாம் எல்லோரும் பேசியது ஒன்றே ஒன்றைத்தான்: போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் தனி ஆணையம். இழுத்தடித்து 2023 ஜூலையில் அது வந்தது, மெலிந்துபோய். தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. கண்டதை எழுதிப் போலீஸ் படை ஆணையத்துக்கு அனுப்பலாம். உள்துறை அமைச்சர் தலைமை தாங்கும் இந்தப் படை ஆணையத்தின் கையில்தான், அரசமைப்பின் 140ஆம் விதிப்படி, ஆளெடுப்பும் பதவி உயர்வும் ஒழுங்கு நடவடிக்கையும் இருக்கின்றன. இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

போலீஸ் வேலைக்கு வரும் பையனின் உயரத்தை அளக்கிறார்கள், ஓடவிடுகிறார்கள், கண்பார்வை பார்க்கிறார்கள். வேண்டியதுதான். பிறகு ஆண்டுதோறும் மேலதிகாரி மதிப்பெண் போடுகிறார். பிடித்த ஆளை எண்ணலாம், எழுதிய சம்மனை எண்ணலாம். நடக்காமல் போன சண்டையை எப்படி எண்ணுவது?

ஒரு தைப்பூசம். வெள்ளி ரதம் வரும் வழியில் தேங்காய் மலை மலையாகக் குவிந்திருந்தது. இரண்டு தண்ணீர்ப்பந்தல் இளைஞர்கள் இடத்துக்காக முறைத்துக்கொண்டு நின்றார்கள். மலாய்க் கோப்பரல் ஒருவர் வந்தார். விசில் ஊதவில்லை. “தம்பி, சாமி வருது” என்றார், தமிழில். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவன் மேசையை நகர்த்தினான், மற்றவன் அவருக்கு மோர் கொடுத்தான்.

குடித்துவிட்டு அடுத்த முச்சந்திக்கு நடந்தார். சட்டைக் கையில் இரண்டு பட்டை. மூன்றாவது பட்டைக்கு மதிப்பெண் போடும் தாளில் அந்த மோரை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?