உக்ரேனின் விளக்குகளும் ஐரோப்பாவின் விதிகளும்



ஒரு தேசம் அடிமைப்படுவதற்குப் படையெடுப்பு ஒன்றே வழி என்று எண்ணுதல் பிழை. அத்தேசத்து மக்களின் அடுப்பில் எரியும் வாயுவும், அவர்களது வீட்டில் ஒளிவிடும் மின்சாரமும் யாருடைய விருப்பத்தால் வருகின்றன என்று கேட்டுப் பாருங்கள். ஒருவன் தன் நாட்டிலிருந்தபடியே குழாயின் திருகை மூடி, அயல்நாட்டைக் குளிரில் நடுங்க வைக்கக் கூடுமாயின், அந்த அயல்நாட்டின் கொடியும் கீதமும் பாராளுமன்றமும் எத்துணை நாளைக்கு நிலைக்கும்? இந்த வினாவுக்கு விடை தேடித்தான் உக்ரேன் தேசத்தின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

1991 ஆம் ஆண்டில் உக்ரேன் சுதந்திரம் பெற்றது. ஆயின் அதன் குழாய்களும் கம்பிகளும் சுதந்திரம் பெறவில்லை. சோவியத் ஆட்சி அமைத்த மின்வலை மொஸ்கோவை நடுவாகக் கொண்டு பின்னப்பட்டது. ஒரு வினாடிக்கு ஐம்பது முறை என்ற மின்னோட்டத்தின் துடிப்பு கூட ருஷ்யாவோடு ஒன்றாகவே துடித்தது. வாயுவின் கதையும் அதுவே. ருஷ்யாவின் வாயு மேற்கு ஐரோப்பாவுக்குச் செல்லும் பெருவழி உக்ரேனின் மண்ணூடாகச் சென்றது. வழி உக்ரேனுடையது, வாயு ருஷ்யாவுடையது. 2006 ஆம் ஆண்டு தை மாதத்தில் விலைப் பிணக்கொன்றை முன்னிட்டு ருஷ்யா உக்ரேனுக்குரிய வாயுவை நிறுத்தியது. 2009 ஆம் ஆண்டு அதே மாதத்தில், ஐரோப்பாவுக்குச் செல்லும் வாயுவும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நின்றது. கடுங்குளிரில் பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் பட்ட துன்பத்தை அக்காலத்துச் செய்தித்தாள்கள் சொல்லும்.

குற்றம் முழுவதும் வெளியிலிருந்து வந்ததன்று. இதனை மறைத்துப் பேசுவது உண்மைக்கு அழகாகாது. உக்ரேனின் உள்வீட்டிலும் நோய் இருந்தது. நாப்டோகாஸ் என்ற அரசாங்க நிறுவனம் வாயுவை அதிக விலைக்கு வாங்கி, வீடுகளுக்கு மிகக் குறைந்த விலைக்கு விற்றது. இடையிலுள்ள நட்டத்தைத் திறைசேரி சுமந்தது. 2014 ஆம் ஆண்டில் அந்த நட்டம் நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு ஐந்துக்கும் மேற்பட்டது. ஏழைக்கு உதவுகின்றோம் என்று ஆட்சியாளர் மார்தட்டினர். ஆனால் ஒரே பண்டத்திற்கு இரண்டு விலை இருக்குமிடத்தில் என்ன நடக்கும்? ஏழையின் பெயரால் மலிவாகப் பெற்ற வாயு, பின்கதவு வழியே தொழிற்சாலைக்குப் போகும், இடைநின்றவன் செல்வனாவான். பெரிய வீடுடையவன் அதிகம் எரிப்பான். ஆகவே அதிக உதவியும் அவனுக்கே போய்ச் சேரும். மலிவு விலை என்னும் திரைக்குப் பின்னே பெருஞ்செல்வர் சிலர் வளர்ந்தனர். அவர்களது செல்வம் ருஷ்யாவின் தயவில் தங்கியிருந்தபடியால், நாட்டின் அரசியலும் அத்தயவில் தங்கியது. நண்பர்களே, அடிமைத்தனத்திற்கு உள்நாட்டுப் பங்காளிகள் எப்பொழுதும் இருப்பார்கள்!

இந்நிலையில்தான் 2011 ஆம் ஆண்டு மாசி மாதம் முதலாந் திகதி உக்ரேன் ஐரோப்பிய எரிசக்திச் சமூகம் என்ற அமைப்பில் அங்கத்துவம் பெற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்னும் சேராத அயல்நாடுகள், எரிசக்தித் துறையில் அவ்வொன்றியத்தின் சட்டங்களைத் தம் நாட்டில் நிறைவேற்றுவதாக வாக்களித்துச் சேரும் ஒப்பந்தம் அது. அதன் செயலகம் வியன்னா நகரில் இருக்கின்றது.

அச்சட்டங்கள் கூறுவதென்ன? பக்கம் பக்கமாக விரியும் அவற்றின் சாரத்தை மூன்று வாக்கியங்களில் அடக்கலாம். முதலாவது: பண்டத்தை விற்பவனும் வழியை வைத்திருப்பவனும் ஒருவனாயிருத்தல் ஆகாது. இரண்டாவது: குழாயும் கம்பியும் யாவருக்கும் ஒரே கட்டணத்தில் திறந்திருத்தல் வேண்டும். மூன்றாவது: அக்கட்டணத்தை வகுப்பவர், மந்திரிக்கும் முதலாளிக்கும் அஞ்சாத தனி ஆணைக்குழுவினராயிருத்தல் வேண்டும். ஆற்றைக் கடக்கும் தோணியை வைத்திருப்பவனே அக்கரைச் சந்தையில் கடையும் வைத்திருந்தால், பிறனுடைய மூட்டை ஆற்றைக் கடக்குமா? இவ்வளவுதான் இச்சட்டங்களின் தத்துவம்.

எழுதுவது எளிது, நிறைவேற்றுவது அரிது. 2011 இல் கொடுத்த வாக்கை உக்ரேன் முதற் சில ஆண்டுகள் ஏட்டிலேயே வைத்திருந்தது. 2014 இல் கிரைமியாவை ருஷ்யா கைப்பற்றிய பின்னரே உறக்கம் கலைந்தது. அவ்வாண்டு புரட்டாதி மாதத்தில் ஸ்லோவாக்கியாவிலிருந்து குழாய் வழியே வாயு எதிர்த்திசையில் பாயத் தொடங்கிற்று. 2015 சித்திரையில் வாயுச் சந்தைச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு கார்த்திகையில் ருஷ்யாவிடம் நேரே வாயு வாங்குவதை உக்ரேன் அறவே நிறுத்தியது.

ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த வாயுவும் ஆதியில் ருஷ்ய மண்ணிலிருந்து புறப்பட்டதுதானே என்று சிலர் நகைத்தனர். பெரும்பாலும் அப்படியே இருக்கட்டும். ஆயினும் வேறுபாடு சிறிதன்று. வாங்கியவன் தன் பண்டத்தை விரும்பியவனுக்கு விற்பதை முதலில் விற்றவன் தடுத்தலாகாது என்பது ஐரோப்பியச் சட்டம். அதனால் உக்ரேன், தன்னை மிரட்டக்கூடிய ஒரே வியாபாரியின் வாயிலில் நிற்பதை விட்டு, பல வியாபாரிகள் கூடும் சந்தையில் விலை பேசி வாங்கியது. பண்டம் ஒன்றாயினும் கைகட்டி நிற்கும் நிலை ஒழிந்தது.

வழியையும் வியாபாரத்தையும் பிரிக்கும் வேலை 2020 தை முதலாந் திகதி நிறைவேறியது. வாயுக் குழாய்கள் நாப்டோகாஸிடமிருந்து பிரிந்து தனி நிறுவனத்தின் கைக்கு வந்தன. அதற்கு முன்னதாக, 2018 இல் ஸ்டொக்ஹோம் நகர நடுவர் மன்றம் அளித்த தீர்ப்பின்படி, ருஷ்யாவின் காஸ்புரோம் நிறுவனம் 2019 மார்கழியில் 290 கோடி அமெரிக்க டொலரை நாப்டோகாஸுக்குச் செலுத்தியது. பெரிய தேசத்தின் பெரிய கொம்பனி, சிறிய தேசத்தின் நிறுவனத்திற்கு ஒப்பந்த ஏட்டின் முன்னே பணிந்த நாள் அது. அதே மாதத்தில் ஐரோப்பிய முறைப்படி ஐந்தாண்டு வழிப்போக்கு ஒப்பந்தமும் கைச்சாத்தாயிற்று. அது 2025 தை முதலாந் திகதி காலாவதியானபோது உக்ரேன் அதைப் புதுப்பிக்க மறுத்தது. மறுக்கும் வல்லமை 2009 இல் அதற்கு இருந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, மின்சாரத்தின் கதை. 2017 சித்திரையில் மின்சாரச் சந்தைச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஆனி மாதத்தில், உக்ரேனின் மின்வலையை ஐரோப்பாவின் மின்வலையோடு இணைப்பதற்குரிய நிபந்தனைகள் ஒப்பந்தமாயின. 2002 முதல் நாட்டின் மேற்கு மூலையில் புர்ஷ்டின் மின்நிலையத்தைச் சூழ்ந்த சிறு பகுதி மாத்திரம் ஐரோப்பாவோடு துடித்து வந்தது. நாடு முழுவதையும் அவ்வாறு இணைப்பதாயின், ஒவ்வொரு மின்நிலையமும் சோதிக்கப்பட வேண்டும்; இயந்திரங்களின் வேகத்தை ஆளும் கருவிகள் திருத்தப்பட வேண்டும்; இறுதியில் ருஷ்யாவிலிருந்தும் பெலருஸிலிருந்தும் அறுத்துக்கொண்டு, யாருடைய துணையுமின்றித் தனித்து நின்று காட்ட வேண்டும். பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு ஏறாத சலிப்பூட்டும் வேலை இது. பொறியியலாளர் அதை ஐந்தாண்டுகள் செய்தனர்.

தனித்து நிற்கும் அந்தச் சோதனைக்கு மூன்று நாள் குறிக்கப்பட்டது. அதன் முதல்நாள் எது? 2022 மாசி 24! நள்ளிரவு கடந்த வேளையில் உக்ரேன் தன் மின்வலையை ருஷ்யாவிடமிருந்து துண்டித்தது. விடியுமுன் ருஷ்யப் படைகள் எல்லையைக் கடந்தன. மூன்று நாள் கழித்து மீண்டும் ருஷ்ய வலையோடு சேரவேண்டும் என்பதே திட்டம். உக்ரேன் சேரவில்லை. குண்டுமழையின் நடுவே, துணையின்றித் தன் துடிப்பைத் தானே காத்து நின்றது. 2023 இல் நடப்பதாக இருந்த இணைப்பு, 2022 பங்குனி 16 ஆம் திகதி, இருபதே நாட்களில், மோல்டோவாவையும் சேர்த்து நிறைவேறியது.

இருபது நாட்களில் நடந்த அற்புதம் என்று உலகம் வியந்தது. நாம் அதை அற்புதம் என்று சொல்லமாட்டோம். ஐந்தாண்டு உழைப்பின் அறுவடை என்றே சொல்வோம். விதிகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றி வைத்திராவிடின், ஐரோப்பா விரும்பியிருந்தாலும் அந்தக் கம்பியை இணைத்திருக்க முடியாது. அந்த இணைப்பின் பயன் பின்னர் விளங்கிற்று. 2022 ஐப்பசியில் ருஷ்யா மின்நிலையங்களையும் துணை நிலையங்களையும் குறிவைத்து ஏவுகணைகளை வீசத் தொடங்கியது. 2024 இளவேனிற் காலத் தாக்குதல்களில் மாத்திரம் 9,000 மெகாவொட்டுக்கு மேற்பட்ட உற்பத்தித் திறன் அழிந்ததாகவோ சேதமுற்றதாகவோ உக்ரேன் அறிவித்தது. 6,000 மெகாவொட் திறனுள்ள ஸபொரீஷியா அணு மின்நிலையமோ 2022 பங்குனி முதல் ஆக்கிரமிப்பாளர் கையில் சிக்கியது. அந்த இருளில் மேற்கிலிருந்து கம்பி வழியே வந்த மின்சாரம் மருத்துவமனைகளுக்கும் நீரேற்று நிலையங்களுக்கும் உயிர் கொடுத்தது. 2024 மார்கழியில் அந்த இறக்குமதியின் எல்லை 2,100 மெகாவொட்டாக உயர்ந்தது.

இத்துணையும் சொன்ன பின்னர், மறுபக்கத்தையும் சொல்லாது விடுவது நேர்மையன்று.

விலை உயர்ந்தது. 2015 இலும் 2016 இலும் வாயு விலை பன்மடங்கு ஏறியபோது ஓய்வூதியம் பெறும் முதியோர் கலங்கினர். வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் நேரடி உதவி அளித்தது. பண்டத்தை மலிவாக்குவதை விடுத்து இல்லாதவன் கையில் உதவியைக் கொடுப்பது நேர்வழிதான். ஆயினும் 2021 தையில், கட்டண உயர்வை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்தபோது, அரசாங்கம் சந்தை விதியை ஒதுக்கிவிட்டு விலைக்கு உச்சவரம்பு கட்டியது. மின்சாரத்தின் வீட்டுக் கட்டணம் 2023 இல் அலகுக்கு 2.64 ஹ்ரிவ்னியாவாகவும், 2024 ஆனியில் 4.32 ஹ்ரிவ்னியாவாகவும் உயர்ந்தது. அதுவும் அரசாங்கம் நிர்ணயித்த விலையே. போர்க்காலத்தில் வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்பது நியாயம். எனினும் குறைந்த விலையின் சுமையை யாரோ ஒருவர் சுமந்தே ஆகவேண்டும். இன்று அது அரசாங்க நிறுவனங்களின் கடனாக நிற்கின்றது. நாளை மக்களின் வரியாகத் திரும்பி வரும்.

விலையிலும் கொடியது வேறொன்று உண்டு. சட்டம் கேட்கும் சுதந்திரமான ஆணைக்குழுவையும் பணிப்பாளர் சபையையும் அமைத்துவிட்டு, அவற்றின் சொல் கசக்கும்போது அவற்றை ஒதுக்கும் பழக்கமே அது. 2021 சித்திரையில் நாப்டோகாஸின் மேற்பார்வைச் சபையை அரசாங்கம் இரண்டே நாட்களுக்கு இடைநிறுத்தி, அந்த இடைவெளியில் அதன் தலைவர் அந்திரி கோபொலியேவைப் பதவி நீக்கியது. 2024 புரட்டாதியில் மின் அனுப்பீட்டு நிறுவனமாகிய உக்ரெனெர்கோவின் தலைவர் வொலொதிமிர் குத்ரித்ஸ்கி நீக்கப்பட்டபோது, அது அரசியல் நோக்கமுடையது என்று கூறி மேற்பார்வைச் சபையின் சுயேச்சை உறுப்பினர் இருவர் பதவி துறந்தனர். 2025 கார்த்திகையில், அணு மின் நிறுவனமாகிய எனெர்கோஅட்டத்தின் ஒப்பந்தங்களில் ஏறத்தாழ 10 கோடி டொலர் தரகு பெறப்பட்டதாக ஊழல் ஒழிப்புப் பணியகம் குற்றஞ் சாட்டியது. மந்திரிகள் இருவரைப் பாராளுமன்றம் பதவியிலிருந்து அகற்றியது. போர்முனையில் இளைஞர் உயிர்கொடுக்க, நகரில் மக்கள் இருளில் இருக்க, மின்நிலையத்தைக் காக்கும் வேலையிலும் தரகு என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது அம்மக்களின் நெஞ்சம் கொதித்ததில் வியப்பென்ன? ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். குற்றச்சாட்டை வெளிக்கொணர்ந்ததும் உக்ரேனின் சொந்த நிறுவனமே. நோயைச் சொல்லும் வைத்தியனை நாடு வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தது.

இன்னொரு கேள்வியும் உண்டு. பிறர் எழுதிய விதியை ஏற்பது சுதந்திரத்தை விற்பதாகாதா? மொஸ்கோவின் பிடியிலிருந்து விடுபட்டுப் பிரசெல்ஸின் பிடியில் அகப்படுவதற்குப் பெயர் விடுதலையா? இது அற்பமான கேள்வியன்று. மின்சார, வாயுக் கட்டணங்களை வகுக்கும் சுயேச்சை ஆணைக்குழு அமைக்கப்பட்ட விதம் நாட்டின் அரசியலமைப்புக்கு முரணானது என்று உக்ரேனின் அரசியலமைப்பு நீதிமன்றமே 2019 இல் தீர்ப்பளித்தது. ஐரோப்பியச் சட்டம் கேட்பதொன்று, நாட்டின் அடிப்படைச் சட்டம் கேட்பதொன்று என்ற இழுபறி அங்கு உண்மையிலேயே இருந்தது.

எம் விடை இதுதான். இரு பிடிகளும் ஒரே தன்மையன அல்ல. ஒருவனுடைய விருப்பத்திற்கு உட்படுவது அடிமைத்தனம்; அவன் இன்று தருவான், நாளை மூடுவான், ஏன் என்று கேட்க இடமில்லை. எழுதப்பட்ட விதிக்கு உட்படுவது வேறு. அது எழுதியவனையும் கட்டும், மீறப்பட்டால் வழக்காடலாம், சிறியோனும் பெரியோனும் ஒரே மன்றில் நிற்கலாம். ஆனால் விதியை எழுதும் மேசையில் உக்ரேனுக்கு இன்னும் வாக்கில்லை என்பதும் உண்மை. 2022 ஆனியில் அது ஒன்றியத்தின் வேட்பாளர் நாடாயிற்று; 2024 ஆனியில் பேச்சுவார்த்தை முறைப்படி ஆரம்பமாயிற்று. விதிகளை ஏற்கும் நாடு அவற்றை ஆக்குவதிலும் பங்குபெறும் நாள் வரும்வரை, அந்தக் குறை குறையாகவே நிற்கும். அந்த நாளைத் தாமதப்படுத்துவது ஐரோப்பாவுக்கும் பெருமையாகாது.

ஆகவே நண்பர்களே, பிறன் கையிலிருந்த திருகைப் பிடுங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று ஒரு தேசம் எண்ணலாகாது. பிடுங்கிய திருகை யார் கையில் கொடுப்பது என்பதே அடுத்த கேள்வி. அது ஒரு மந்திரியின் கையிலோ, ஒரு செல்வனின் கையிலோ போய்ச் சேருமாயின், பழைய எசமான் போய்ப் புதிய எசமான் வந்தான் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அது விதியின் கையில் இருக்க வேண்டும். அவ்விதியைக் காப்பவர் எவர்க்கும் அஞ்சாதவராயிருக்க வேண்டும். உக்ரேன் முதற் காரியத்தைப் பெருந்தியாகத்தோடு செய்து முடித்தது. இரண்டாவது காரியத்தில் அது இன்னும் தன்னோடு தானே போராடிக்கொண்டிருக்கின்றது. அந்தப் போராட்டத்திலும் அம்மக்கள் வெற்றி பெறுக என்று வாழ்த்தி அமைகின்றோம்.