ஆய்விடம் தேடுவார்க்கு
(ஊர்ப் படிப்பகத்தில் இளைஞரிடை ஆற்றிய உரை)

தமிழாசிரியனுக்குக் கணிப்பறிவியலில் என்ன வேலை என நீவிர் வினவலாம். என்பால் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் அத்துறையில் முனைவர்பட்ட ஆய்வுக்கு இடந்தேடி ஈராண்டு பட்ட துன்பத்தை உடனிருந்து கண்டவன் யான். அவர்க்கு அறிவு குறையில்லை; வழி தெரியாமையே குறை. அவ்வழியை உரைக்கவே வந்தேன்.

அவர் ஒரே மடலை நாற்பது பேராசிரியர்க்கு விடுத்தார். அதில் புகழுரை இருந்தது; அவரவர் ஆய்வைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒருவரும் மறுமொழி தந்திலர். எல்லார்க்கும் எழுதிய மடல் எவர்க்கும் எழுதாத மடலே அன்றோ?

பின்னர் நெறியை மாற்றினார். செருமானியப் பேராசிரியர் ஒருவரின் ஆய்வுக்கட்டுரையை ஒரு திங்கள் ஊன்றிப் படித்தார். அதனொடு வெளியிடப்பட்ட நிரலைத் தம் கணினியில் இயக்கினார். ஓரிடத்தில் விடை மாறுபட்டது. ஏன் என்று பன்னிரண்டு வரிகளில் வினவினார். மூன்றாம் நாளே மறுமொழி வந்தது. இன்று அக்குழுவிலேயே ஆய்கிறார்.

இனி, நாட்டுக்கு நாடு வாயில் வேறு. நம் நாட்டில் தேர்வே முதல் வாயில். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு நல்கை பெறுவார்க்கு 2023 சனவரி முதல் திங்களுக்கு 37,000 உருபா. தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் இயற்பியலுக்கும் கோட்பாட்டுக் கணினியியலுக்கும் செசுட்டுத் தேர்வை ஏற்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கணிப்புக்கும் தரவுக்கும் எனத் தனித்துறையே உண்டு. கேட் தேர்வெழுதியோர் அங்கு முயலலாம். தேர்வுக்குப் பின் நேர்காணல் உண்டென்பதை மறவற்க.

செருமனியிலோ பொது நுழைவுத்தேர்வு இல்லை. ஆய்வாளர் இடம் பெரும்பாலும் ஊதியம் பெறும் பணியிடம். பேராசிரியரின் இசைவே வாயில். அமெரிக்காவில் பல துறைகள் அடுத்த ஆண்டின் இலையுதிர் காலச் சேர்க்கைக்கு முந்தைய திசம்பரிலேயே வாயிலை மூடிவிடும். காலந்தாழ்த்தியவன் ஓராண்டை இழப்பான்.

பட்டம் பெற்றபின் செய்யும் மேலாய்வுக்கும் ஏற்கும் ஆசிரியரின் இசைவு முதன்மை. மேரி கியூரி பெயரால் ஐரோப்பிய ஒன்றியம் தரும் நல்கைக்கு ஒரு நெறியுண்டு: செல்லவிருக்கும் நாட்டில், இறுதிநாளுக்கு முந்தைய 36 திங்களில் 12 திங்களுக்குமேல் வாழ்ந்திருத்தலோ பணியாற்றியிருத்தலோ ஆகாது. இதனை அறியாது உழைத்து எழுதினால் உழைப்பு வீணே.

இன்னுமொன்று. ஆய்வுக்கட்டுரையின் கடைசியில் நன்றியுரை இருக்கும். அதனைப் படியாது விடற்க. அவ்வாய்வுக்குப் பொருள் தந்தவர் யார் என்பது அங்கேதான் உள்ளது. புதிதாய் நல்கை பெற்ற குழுவே புதிதாய் ஆள் தேடும்.

இளைஞர்காள்! கூச்சம் பணிவாகாது. வினவத் தெரிந்தவனையே ஆய்வுலகம் தேடுகிறது. நாற்பது மடல் வேண்டா, நான்கு எழுதுக. ஒவ்வொன்றையும் படித்தபின் எழுதுக.