நித்திரையும் நம் தோட்டத்து வாழ்வும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நித்திரையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையிலே சிலர் சிரிப்பது தெரிகிறது. எமது பேச்சைக் கேட்டு யாரேனும் உறங்கிவிட்டால், அதையும் எமக்குக் கிடைத்த வெற்றியாகவே கொள்வோம்!

நமது மலைநாட்டிலே தூக்கத்துக்கு என்றுமே நல்ல பெயர் கிடையாது. முன்னாளிலே விடியுமுன் தப்பு முழங்கியது. பிரட்டுக்குப் பிந்தி வந்தவர் சோம்பேறி என்று ஏச்சு வாங்கினார். தப்பு ஓய்ந்துவிட்டது, ஏச்சு ஓயவில்லை. உறக்கத்திலே நோய் என்று ஒன்று உண்டென்பதையே நாம் ஒப்புவதில்லை. ஒன்றைப் பேய் என்கிறோம். ஒன்றை நல்ல தூக்கம் என்கிறோம். மற்றொன்றைச் சோம்பல் என்கிறோம்.

முதலிலே பேயைப் பார்ப்போம். நடுச்சாமத்தில் விழிப்பு வருகிறது. கண் தெரிகிறது, கைகால் அசையவில்லை. நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்தாற் போலிருக்கிறது. கத்த வாய் எழவில்லை. அமுக்குவான் பேய் என்று சொல்லி நூல் கட்டுகிறோம். 1953ஆம் ஆண்டிலே சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் விழிகள் மூடிய இமைக்குள்ளே இடையிடையே வேகமாக ஓடுவதை வெளிப்படுத்தினார்கள். அதுவே கனவுகள் மிகுந்த வேளை. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு முறை வரும். அப்பொழுது மூளை உடம்பின் தசைகளைக் கட்டிப்போடுகிறது. இல்லையேல் கனவிலே ஓடுகிறவர் லயத்துச் சுவரிலே மோதிக்கொள்வாரல்லவா? அந்தக் கட்டு அவிழுமுன் விழிப்பு வந்துவிட்டால், அதுதான் அமுக்குவான். சற்று நேரத்திலே தானாகவே நீங்கிவிடும். தூக்கம் குறைந்தவரையும், இரவு வேலை பகல் வேலை என்று மாறி மாறிச் செய்பவரையும் இது அதிகமாகத் தொடரும். பகலிலே பறித்த கொழுந்து இரவிலே வாடி, விடியுமுன்னரே அரைபடுகிறது. ஆகவே தொழிற்சாலையிலே இரவு நிற்பவர்மீது இந்தப் பேய்க்குத் தனிப் பிரியம்.

அடுத்தது குறட்டை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலே ஒருவர் குறட்டை விட்டால் அந்த வீட்டிலே மற்றவர்க்குத் தூக்கமில்லை. ‘கும்பகர்ணன் போல் தூங்குகிறார்’ என்று நகைக்கிறோம். கும்பகர்ணனாவது தூங்கினான்! குறட்டை திடீரென நின்று, மூச்சும் நின்று, பிறகு திணறி இழுக்கிறதென்றால், அவருடைய தொண்டைக் குழாய் அடைபடுகிறது. ஒவ்வொரு முறையும் மூளை அவரை அரைகுறையாக எழுப்பி மூச்சை மீட்கிறது. அவருக்கோ அது தெரியாது. பகலிலே இயந்திரத்தருகே நின்றுகொண்டே கண் சொக்குவார். இரத்த அழுத்தமும் ஏறும். சாராயம் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். தூக்கம் வருவதற்காகக் குடிக்கிறோம் என்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. நாள் முழுதும் மலையிலே நின்று கொழுந்தெடுத்த தாய் இரவிலே படுக்கிறாள். படுத்ததும் கால்களுக்குள்ளே ஏதோ ஊர்வது போல், இழுப்பது போல் ஒரு தவிப்பு. அசைத்தால் சுகம், எழுந்து நடந்தால் சுகம், மீண்டும் படுத்தால் மீண்டும் தவிப்பு. விடியற்காலையிலேதான் கண்ணயர்கிறாள். எழப் பிந்தினால் ‘சோம்பேறி!’ ஏறி இறங்கிய அலுப்பிலே வரும் கால்வலி வேறு, இது வேறு. 1945ஆம் ஆண்டிலே சுவீடன் தேசத்து வைத்தியர் எக்பொம் இதை ஒரு தனி நோயாக விரித்து எழுதினார். இதற்குப் பல காரணங்களுண்டு. அவற்றுள் பெரியதொன்று இரும்புச் சத்துக் குறைவு.

நமது பெண்களின் இரத்தத்திலே இரும்பு குறைவதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மாதந்தோறும் இரத்தம் போகிறது, பிள்ளைப்பேறுகள், ஊட்டமற்ற உணவு. முன்னர் கொக்கிப்புழுவும் இரத்தத்தைக் குடித்தது. 1916ஆம் ஆண்டிலே ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் இலங்கைத் தோட்டங்களிலே அப்புழுவை ஒழிக்கும் வேலையைத் தொடங்கினார்கள். அதே புழுவுக்கு அமெரிக்கப் பத்திரிகைகள் ‘சோம்பற் கிருமி’ என்று பெயரிட்டிருந்தன. இரத்தம் வற்றியவரைச் சோம்பேறி என்பது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல போலும்!

இன்னொரு காரணம் நமது கையிலேயே இருக்கிறது. ரொட்டியோடு ஒரு கோப்பைச் சாயத்தண்ணி, சோற்றுக்குப் பின் ஒரு கோப்பை. தேயிலையின் துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு உடம்பிலே சேரவிடாது. அத்துடன் அதிலுள்ள கஃபீன் பாதியளவு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். இராச் சாப்பாட்டோடு குடிப்பது நள்ளிரவிலும் உள்ளே வேலை செய்யும். தேத்தண்ணியே வேண்டாமென்று நுவரெலியாக் குளிரிலே நின்று சொல்ல எமக்குத் துணிவில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவிலே ஒரு மணி நேரம் விடுங்கள். மாலையோடு நிறுத்துங்கள். கீரையிலே தேசிக்காய் பிழியுங்கள். அதன் புளிப்பு இரும்பைச் சேர்க்க உதவும். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குவது கொடுத்த மருந்தைத் தடுத்து நிறுத்துவதாகும்.

வைத்தியசாலைக்குப் போகும் தாய்மார் ‘அசதியாயிருக்கிறது’ என்று மட்டும் சொல்லித் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு வலிமாத்திரைதான் கிடைக்கும். ‘படுத்தால் கால் தவிக்கிறது, நடந்தால் நிற்கிறது, இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள் ஐயா’ என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். தாய்க்குச் சொல்லக் கூச்சமாயிருந்தால், கூடப் போகும் பிள்ளை சொல்லட்டும்.