கவலையைச் சொல்ல ஓர் இடம்

(ஜூபிலி ஆண்டில் பங்கு மக்கள் கூட்டமொன்றில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி என்றவுடன் நமக்குக் கொடியேற்றமும் தேரும் விருந்தும் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவைதாம். ஆனால் லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். ஜூபிலி ஆண்டில் நிலத்திற்குக் கூட ஓய்வு, அடிமைப்பட்டவனுக்கு விடுதலை, கைவிட்டுப்போன காணி மீண்டும் குடும்பத்திற்கு. சுருங்கச் சொன்னால், ஜூபிலி என்பது சுமை இறக்கும் ஆண்டு. ஆகவே இன்று நாம் எல்லோரும் சுமக்கும் ஒரு சுமையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதுதான் கவலை.

நம்மில் கவலை இல்லாதவர் யார்? வாடகை ஏறிவிட்டது, வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டும் தேதி நெருங்குகிறது, மகனுக்குப் பிளஸ் டூ தேர்வு, மகளுக்கு வரன் அமையவில்லை, வெளிநாட்டிலுள்ள பிள்ளையிடமிருந்து இரண்டு நாளாக போன் வரவில்லை, சர்க்கரை அளவு இறங்கவில்லை. இந்தக் கோபாலபுரத்தின் அடுக்குமாடி வீடுகளில் தனியே வாழும் முதியவர்களுக்கோ இரவு முழுவதும் ஒரே கேள்வி: திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால் யார் கதவைத் தட்டுவார்கள்?

பலர் என்னிடம் வந்து, "சாமி, நான் இவ்வளவு கவலைப்படுகிறேனே, எனக்கு விசுவாசம் இல்லையா? இது பாவமா?" என்று கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றே: கவலைப்படுவது பாவமன்று. அதை யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே பூட்டி வைப்பதுதான் ஆபத்து.

எலியா இறைவாக்கினரை நினைத்துப் பாருங்கள். உயிருக்குப் பயந்து பாலைவனத்தில் ஓடி, ஒரு சூரைச் செடியின் அடியில் அமர்ந்து, "இனி வாழ வேண்டாம்" என்ற நிலைக்கு அவர் வந்துவிட்டார். இறைவன் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. முதலில் உறங்க விட்டார். பின்பு வானதூதர் அப்பமும் தண்ணீரும் கொடுத்து எழுப்பினார். மீண்டும் உறக்கம், மீண்டும் உணவு. அதன் பிறகே பயணம். பயணத்தின் முடிவில் ஓரேபு மலையிலே இறைவன் அவரிடம் பேச்சுக் கொடுத்து, அவர் மனக்குறையை ஒரு முறையல்ல, இரண்டு முறை சொல்ல வைத்துக் கேட்டார். உறக்கம், உணவு, கேட்கும் காது: இதுவே இறைவன் கையாண்ட வைத்தியம். ஏன், நம் ஆண்டவரே ஜெத்சமனித் தோட்டத்தில் மனம் கலங்கியபோது, தம்மோடு விழித்திருக்கும்படி மூன்று சீடர்களைக் கேட்டுக்கொண்டார் அன்றோ? துணை தேடுவது பலவீனமாயிருந்தால் அவர் தேடியிருப்பாரா?

கவலை மனத்தோடு நிற்பதில்லை, உடம்பிலும் இறங்குகிறது. தெருவில் நாய் துரத்தினால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. அட்ரினலின் போன்ற சுரப்புகள் நம்மை ஓட வைப்பதற்காகச் செய்யும் வேலை அது. நாய் போனதும் உடம்பு அடங்கிவிடும். ஆனால் வங்கித் தவணை ஐந்து நிமிடத்தில் போய்விடுவதில்லையே! ஆகவே உடம்பு இரவும் பகலும் காவல் நிற்கிறது. அதனால் தூக்கம் கெடுகிறது, வயிறு கெடுகிறது, சிறு சொல்லுக்கும் கோபம் வருகிறது.

இதற்குச் சில எளிய வழிகள் உண்டு. படபடப்பு வரும்போது மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததை விட இன்னும் மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் போதும், நெஞ்சு அடங்கும். நாள்தோறும் அரைமணி நேரமாவது நடங்கள். தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுங்கள். மாலைக்குப் பிறகு காபி வேண்டாம். செல்போன் படுக்கையறைக்கு வெளியே உறங்கட்டும்! கவலையை மறக்கக் குடிப்பவரோ, ஒரு கவலையை இரண்டாக்கிக் கொள்கிறார்.

இன்னொன்று: ஒரு தாளை எடுத்து உங்கள் கவலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். என்னால் இன்று செய்யக் கூடியது எது, என் கையில் இல்லாதது எது என்று பிரியுங்கள். முதல் வகையில் ஒன்றை இன்றே செய்யுங்கள். இரண்டாம் வகையை ஜெபத்தில் இறைவனிடம் ஒப்படையுங்கள். நாளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று ஆண்டவர் போதித்தது கைகட்டி உட்காருவதற்காக அன்று. வானத்துப் பறவையும் காலையில் இரை தேடப் பறக்கத்தான் செய்கிறது. மேலும், மனம் சோர்ந்திருக்கும் வேளையில் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். நுங்கம்பாக்கத்திலுள்ள லயோலா கல்லூரி யாருடைய பெயரைத் தாங்குகிறதோ, அந்தப் புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சிகளில் தரும் அறிவுரை இதுவே. இருட்டில் வண்டியைத் திருப்பாமல், விடியும் வரை நிற்பதே நலம்.

ஆயினும் இவை எல்லாவற்றிலும் மேலான மருந்து, மனம் விட்டுச் சொல்வதும், அதைக் காதுகொடுத்துக் கேட்பதுமே. இங்கிலாந்தில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் சபைக் குருவானவர் இருந்தார். 1935-இல், இளம் குருவாக அவர் நடத்திய அடக்கச் சடங்குகளில் ஒன்று 14 வயதுச் சிறுமிக்கானது. பூப்படைந்ததை ஏதோ தீராத நோய் என்று பயந்து, கேட்க ஆளில்லாமல் அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஒரு தாயோ அக்காளோ தோழியோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் பிழைத்திருப்பாள். அந்தத் துயரம் அவரை விடவில்லை. 1953-இல், லண்டன் நகரத்து ஆலயம் ஒன்றில், வாழ்வில் சலித்தவர்கள் எவரும் வரலாம், தொலைபேசியிலும் பேசலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கச் சில தொண்டர்கள் உதவினார்கள். அங்கே ஓர் அதிசயம்! அந்தத் தொண்டர்களிடம் பேசிய பலர், குருவைப் பார்க்காமலேயே மனம் ஆறித் திரும்பிச் சென்றார்கள். படிப்போ பட்டமோ அல்ல, கேட்கும் காதே அவர்களை ஆற்றியது.

அந்த வித்து நம் நாட்டுப் பக்கமும் முளைத்தது. இலங்கையில் 1974-இல் 'சுமித்ரயோ' தோன்றியது. நம் சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'ஸ்நேகா' என்ற அமைப்பைத் தொடங்கினார். முகம் தெரியாத ஒருவரின் துயரை, பெயர் கேட்காமல், தீர்ப்பிடாமல் கேட்பதே அங்குள்ள தொண்டர்களின் பணி.

முகம் தெரியாதவர்கள் செய்யும் இந்த உதவியை, ஒரே பீடத்தைச் சுற்றி நிற்கும் நாம் ஒருவருக்கொருவர் செய்யலாகாதா? செய்யலாம், ஆனால் கேட்பதற்கும் பயிற்சி வேண்டும். ஒருவர் தம் கவலையைச் சொல்லும்போது, "இதெல்லாம் ஒரு கவலையா?" என்று சொல்லாதீர்கள். உங்கள் சொந்தக் கதையைத் தொடங்காதீர்கள். "ஜெபமாலை சொல், எல்லாம் சரியாகும்" என்று பேச்சை முடித்துவிடாதீர்கள். அவரோடு அமர்ந்து முழுவதும் கேட்டபின் இருவருமாகச் சேர்ந்து ஜெபியுங்கள். கேட்டதை அடுத்த வீட்டிற்குக் கொண்டு போகாதீர்கள். யாராவது, "வாழப் பிடிக்கவில்லை" என்று சொன்னால், விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிடாமல், "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று அன்போடு நேரடியாகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல் உதவிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2017-இல் தமிழக அரசு பொதுத்தேர்வுகளில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டது. அரசு நிறுத்தியதை நம் வீட்டு வரவேற்பறையில் நாம் தொடர வேண்டுமா? மார்க் குறைந்த பிள்ளை முதலில் ஓடி வர வேண்டிய இடம் வீடு. அது பயந்து ஒதுங்கும் இடமாக ஒருநாளும் ஆகிவிடக் கூடாது.

சில வேளைகளில் சொல்வதும் கேட்பதும் மட்டும் போதாது. இரண்டு வாரத்திற்கு மேலாகத் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பற்றில்லை, வேலை செய்ய முடியவில்லை என்றால், மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஆனால் நம் ஊரில் அங்கே ஒரு தடை நிற்கிறது. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கேலி பேசிப் பேசி, மனத்திற்கு வைத்தியம் செய்வதையே அவமானமாக்கிவிட்டோம். 1794-இல் தொடங்கிய பழமை அந்த மருத்துவமனைக்கு உண்டு. 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பை வகித்தவர் டாக்டர் சாரதா மேனன். ஓய்வுபெற்ற பின்னும் ஓயாமல், மனச்சிதைவு நோயுற்றோருக்காக 1984-இல் 'ஸ்கார்ஃப்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். 1992-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2021 டிசம்பரில் மறைந்தார். அத்தகையோர் தொண்டாற்றிய ஓர் இடத்தின் பெயர் நம் வாயில் கேலிச் சொல்லாக இருக்கலாமா? இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு ஆகாது என்றால், மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுவதும் ஆகாது. வெளியே செல்லத் தயங்குபவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் அரசின் இலவச உதவி அது. தமிழிலும் பேசலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஜூபிலியின் நினைவாகக் கல்வெட்டு வைப்போம், நல்லது. அதோடு ஒவ்வோர் அன்பியத்திலும் இருவர் கேட்கும் பணியை ஏற்றுக்கொள்ளட்டும். வாரம் ஒருமுறை, தனியே வாழும் ஒரு முதியவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தேர்வெழுதும் ஒரு பிள்ளையிடம் மார்க்கைக் கேட்காமல் நலம் கேளுங்கள். வேலை இழந்த ஒருவரோடு ஒரு குவளைத் தேநீர் அருந்துங்கள். பெரும் செலவில்லை, ஒரு மணி நேரமும் பொறுமையும் போதும். கவலையைச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது, அது நம் பங்கு என்று இந்த வட்டாரத்தில் எவரும், எம்மதத்தவரும், சொல்லும் நாள் வருமானால், அன்றே நம் ஜூபிலி நிறைவு பெறும்.

சுமை சுமந்து சோர்ந்திருப்போரைத் தம்மிடம் அழைத்த ஆண்டவர், உங்கள் இல்லங்களுக்கு அமைதியையும், உங்கள் இரவுகளுக்கு நல்லுறக்கத்தையும் தந்து ஆசீர்வதிப்பாராக!