ஆறாம் வயதுப் பல்

(சங்கத்து மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

 

கல்வியைப் பற்றியும் கலியாணச் செலவைப் பற்றியும் இவ்விடத்தில் பன்முறை பேசியாயிற்று. இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். அது நம் குழந்தைகளின் பற்களைப் பற்றியது. பெண் பார்க்கச் செல்லுங்கால் பல்வரிசையைக் கூர்ந்து நோக்குகின்றோமே, நம் வீட்டு ஏழு வயதுச் சிறுமியின் வாயைத் திறந்து நோக்கியதுண்டா?

"பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று சொல்லி வாளாவிருப்பது நம்மவர் வழக்கம். பாற்பற்கள் 20, அவை விழுவது மெய்யே. ஆயினும் ஆறு வயதளவில், அவ்விருபதுக்கும் பின்புறமாக, மேலிரண்டும் கீழிரண்டுமாக நான்கு கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. இவற்றிற்கு இடங்கொடுக்க எப்பாற்பல்லும் விழுவதில்லை. ஆகையால் தாய்மார் இவற்றையும் பாற்பற்களென்றே எண்ணிவிடுகின்றனர். உண்மையில் இவை ஆயுள்பரியந்தம் இருக்கவேண்டியவை. போனால் வேறு முளையா. மெல்லும் பாரத்தைப் பெரும்பாலும் சுமப்பனவும் இவையே. முளைத்த புதிதில் இவற்றின் மேற்புறம் பள்ளமும் பிளவுமாக இருத்தலால் சொத்தை எளிதில் பற்றுகின்றது.

சொத்தை விழும் விதம் யாதெனில், இனிப்பும் மாவும் பல்லில் ஒட்டி நிற்க, வாயிலுள்ள நுண்கிருமிகள் அவற்றை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் மேலோடாகிய எனாமலைக் கரைக்கின்றது. உமிழ்நீர் இச்சேதத்தை ஓரளவு சீர்செய்யும். உறங்கும்போதோ அது மிகவும் குறைந்துவிடுகின்றது. காலையில் மட்டும் பல் துலக்கி, இரவில் சர்க்கரையிட்ட பாலைப் பருகுவித்துப் பிள்ளையை உறங்கவைக்கும் நம் வழக்கம் எவ்வளவு தவறானதென்பதை யோசியுங்கள். எனாமலில் நரம்பில்லை, ஆதலால் தொடக்கத்தில் வலியுமில்லை. வலி தோன்றுங்காலத்தில் சொத்தை ஆழமாகச் சென்றிருக்கும். "வலித்தால் போகலாம்" என்போர் பல்லைப் பிடுங்குவதற்கே போகின்றனர்.

பாற்பல்லையும் அலட்சியம் செய்தலாகாது. பாற்கடைவாய்ப்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருந்து, பின்வரும் பல்லுக்கு இடம் காத்துக் கொடுப்பவை. முன்னரே அவை போய்விட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து அவ்விடத்தை அடைத்துக்கொள்ளும். பின்வருவது கோணலாக முளைக்கும்.

ஆறு மாதத்திற்கொருமுறை பல் வைத்தியரிடம் காட்டினால், அப்பள்ளங்களை அவர் ஒருவகைப் பூச்சினால் மூடிவிடுவார், ஊசியுமில்லை, வலியுமில்லை. வீட்டில் இரவிலும் காலையிலும் புளோரைடு கலந்த பற்பசையால் துலக்குவிக்கவேண்டும். மூன்று வயதுக்கு மேற்பட்ட சிறுவர்க்குப் பட்டாணியளவு போதும். விழுங்காமல் துப்பச் செய்க. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து உறவினர் இது குறித்து வைத்தியரைக் கேட்டே நடத்தல் நலம். அங்குப் பல இடங்களில் நிலத்தடி நீரிலேயே புளோரைடு மிகுந்து பல்லில் கறை படிகின்றது. சாம்பல், செங்கற்பொடி இவற்றால் தேய்ப்பது பழமையென்று போற்றுவாருமுளர்; அது எனாமலையே தேய்ப்பதாகும்.

பணமில்லை யென்பது முழுச் சமாதானமாகாது. சென்னையில் 1953ஆம் ஆண்டு தோன்றிய அரசினர் பல் மருத்துவக் கல்லூரியில் ஏழைகளுக்கும் சிகிச்சை உண்டு. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் பற்பிரிவு உண்டு.

நிர்வாக சபையாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பரிசளிக்கும் தினத்தில், நம்மவருள் பல் வைத்தியம் கற்றோரை அழைத்து, ஆறு முதல் பன்னிரண்டு வயதுடைய அனைவரையும் பார்க்கச் செய்யலாகாதா? நாற்காலிகள் சிலவும் நல்ல வெளிச்சமும் இருந்தாற் போதும். அன்று வழங்கும் மிட்டாய்ப் பொட்டலத்தைப் பற்றியும் காரியதரிசி அவர்கள் சற்றே ஆலோசிப்பாராக.